கொப்பரையைச் சுற்றிக் கொஞ்சம் வேதியியல்

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில், அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதை ஓரத்து டீக்கடை பெஞ்சில் கால் ஆற உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம். பத்தாம் வகுப்பு படிக்கிற வயதில் ஒரு பெண் மலையுச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்: “ஏம்ப்பா, கார்த்திகை தீபத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு கிலோ நெய் ஊத்துறாங்களே, நெய்தானே எரியுது? அப்புறம் அவ்ளோ துணி எதுக்கு?”

“அது வழக்கம்மா” என்றார் அப்பா. டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் விடவில்லை. “நெய்க்குள்ள நேரா தீக்குச்சியப் போட்டுப் பாரு பாப்பா, அணைஞ்சுதான் போகும்” என்றார். அவ்வளவுதான், பெஞ்சில் இருந்த எல்லோரும் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். கற்பூரம் ஏன் முதலில் பற்றுகிறது, மலைக்காற்றில் தீபம் ஏன் அணைவதில்லை என்று அரை மணி நேரம் போனது. அன்று நடந்த மீதி தூரம் எங்களுக்குத் தெரியவே இல்லை.

மாஸ்டர் சொன்னது சரி. நெய் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை; எரிவது அதன் ஆவி. நெய் முழுவதையும் ஆவியாகும் அளவுக்குச் சூடேற்ற ஒரு தீக்குச்சியால் ஆகாது. அங்கேதான் திரிக்கு வேலை. காடாத் துணியின் நூலிழைகள் நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கின்றன. மேலே வந்த அந்தக் கொஞ்சம் நெய் சட்டென்று சூடேறி ஆவியாகிப் பற்றிக்கொள்கிறது. அகல் விளக்கில் விரல் நீளத் திரி செய்கிற அதே வேலையை, மலைமேல் சுமார் ஆயிரம் மீட்டர் துணி செய்கிறது. கற்பூரமோ உருகுவதற்குக்கூடக் காத்திருப்பதில்லை. திடப்பொருளாக இருக்கும்போதே ஆவியாகிறது. பூஜை அறை டப்பாவில் வைத்த கட்டி நாளடைவில் சிறுத்துப்போவது அதனால்தான். ஆகவே அது முதலில் பற்றி, நெய்க்குச் சூடு கொடுக்கிறது.

இதைவிட எங்களை உலுக்கியது மை பற்றிய பேச்சு. தீபம் பதினொரு நாள் எரிந்து முடிந்ததும், அது எரிந்த கொப்பரையிலிருந்து எடுக்கும் மையை ஆருத்ரா தரிசனத்துக்குப் பிறகு பிரசாதமாகத் தருகிறார்கள். அந்த மை என்ன? சுடருக்குள் நெய்யின் ஆவி சிதையும்போது நுண்ணிய கரித்துகள்கள் உண்டாகின்றன. அவை சுடரின் கடும் சூட்டில் தகதகப்பதைத்தான் நாம் மஞ்சள் ஒளியாகப் பார்க்கிறோம். எரிந்து தீராமல் தப்பிய துகள்கள் குளிர்ந்து கறுப்பாகப் படிகின்றன. மாலை ஆறு மணிக்கு லட்சக்கணக்கான பேர் ‘அரோகரா’ என்று கைகூப்பிய அந்த வெளிச்சத்தைத் தந்ததும், பிற்பாடு நெற்றியில் இட்டுக்கொள்ளும் கறுப்பும் ஒரே பொருள். இதைத் தெரிந்துகொண்டால் பக்தி குறையுமா? எங்களுக்கு அந்த மையின் மேல் மதிப்பு கூடியது.

சுடரை வைத்துப் பாடம் சொல்வது புதிதல்ல. லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்று ஒருவர் இருந்தார்; கொல்லர் வீட்டுப் பிள்ளை, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றவர், பிறகு உலகமே கொண்டாடிய விஞ்ஞானி. 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களை உட்காரவைத்து, ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் பேசினார். அந்தச் சொற்பொழிவுகள் இன்றும் புத்தகமாக வாசிக்கப்படுகின்றன. அவர் கையில் இருந்தது ஒரு மெழுகுவத்தி. நம் ஊரில் ஐந்தடிக்கு மேல் உயரமான கொப்பரை! ஆனால் ‘எரிதல்’ பாடத்தை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு, ஜன்னல் வழியே தெரியும் தீபம் அந்தப் பாடம்தான் என்று யாரும் சொல்வதில்லை. அறிவியல் என்றால் பரீட்சை, பரீட்சை முடிந்தால் அறிவியலும் முடிந்தது என்றாகிவிட்டது. ‘ஏன் எதற்கு எப்படி’ என்று ஜூனியர் விகடனில் எழுத்தாளர் சுஜாதா பதில் சொன்ன காலத்தில், வாசகர்கள் கூச்சமில்லாமல் எதையும் கேட்டார்கள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் சொன்னார். அந்தப் பழக்கம் நமக்குத் திரும்ப வர வேண்டும்.

கேட்டுப் பேசும் பழக்கம் போனால் அந்த இடத்தில் வதந்தி வந்து உட்காரும். ‘அண்ணாமலை ஓர் அணைந்த எரிமலை’ என்று செல்போனில் வராத நாள் உண்டா? மலையடிவாரத்தில் நின்று பாறையை உற்றுப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாக, அரிசி அளவுக்குப் படிகங்கள் தெரியும். எரிமலை வாயிலிருந்து வழிந்து சீக்கிரம் ஆறிய குழம்பில் இவ்வளவு பெரிய படிகம் வளர நேரம் இருக்காது. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல ஆறிய பாறை அது. எரிமலை இல்லை என்பதால் மலைக்கு என்ன பெருமைக் குறைவு?

வதந்தியைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில், மலையடிவாரத்து வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்தன. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் போய்விட்டார்கள். அந்த மாதம் 13ஆம் தேதி தீபத்தன்று, நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்த பிறகு, பக்தர்கள் மேலேறத் தடை விதிக்கப்பட்டது. அந்தப் பன்னிரண்டு நாளும் ஊர் முழுக்க மண்ணைப் பற்றிப் பேசியது. பூக்கடையில், பஸ் ஸ்டாண்டில், ஆட்டோவில் எல்லாம் அதே பேச்சு. பிறகு மறந்துபோனோம். அப்படி மறந்ததை நினைத்தால் மனசு ஆறவில்லை.

மண் ஏன் சரிகிறது? காய்ந்த மண்ணில் துகளும் துகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. விடாத மழையில் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்தால், அந்தத் தண்ணீரின் அழுத்தம் துகள்களை விலக்குகிறது. பிடி தளர்கிறது, பாரமும் கூடுகிறது. சரிவில் புது விரிசல் கண்டால், நேராக நின்ற மரம் சாய்ந்தால், தெளிந்து வந்த ஊற்று திடீரெனக் கலங்கினால், வீட்டுக் கதவு காரணமில்லாமல் நிலையில் இறுகினால், அன்றிரவு அங்கே தூங்கக் கூடாது. மலையடிவாரத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில், ரேஷன் கடை வரிசையில், கிரிவலத்தில் பேசினால்தான் தெரியும்.

பேசுவதோடு, பிள்ளைகளுக்கு நேரில் காட்டவும் ஓர் இடம் உண்டு: ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகம். 1977இல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகில் சில இடங்களில் ஒரே இரவில் பதிவானபோது, அவற்றில் ஒன்று காவலூர். இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே வானம் பார்க்கிறது. பிள்ளைகளைத் திருப்பதிக்குக் கூட்டிப்போகிற நாம், இதற்கும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

இந்தக் கார்த்திகைக்கு வாசலில் அகல் ஏற்றும்போது, எவர்சில்வர் கரண்டி ஒன்றைச் சுடரின் நுனியில் சில விநாடி பிடியுங்கள். கரண்டியின் அடியில் மை படியும். பக்கத்தில் நிற்கிற பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்கும். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். தெரிந்தவர்களிடம் கேட்டு இதே பக்கத்தில் பதில் போடுகிறோம்.