தீவுக்குப் போகப் பதினோராவது காரணம்

‘இலங்கைக்குச் செல்லப் பத்துக் காரணங்கள்’ என்ற தலைப்பில் வரும் கட்டுரைகளைச் சில காலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம். வார இணைப்பிதழ்களிலும் சுற்றுலா நிறுவனங்களின் வழவழப்பான துண்டறிக்கைகளிலும் வருபவை அவை. எதைப் பிரித்தாலும் பட்டியல் ஒன்றுதான். பெந்தோட்டையின் மணல், மிரிசையின் திமிங்கலம், சிகிரியாவின் ஓவியம், எல்லவுக்குப் போகும் ரயில், கண்டிப் பெரஹராவின் யானைகள், அறுகம்பையின் அலை, கடைசியில் ஒரு கோப்பைத் தேநீர். இவற்றில் பொய் எதுவும் கிடையாது. மணல் வெண்மையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கில் அமர்ந்து இதை வாசிக்கும் எங்களுக்கு எரிச்சல் மூள்கிறது. அந்த எரிச்சலின் நியாயத்தைச் சொல்லவே இந்தப் பதிவு.

முதலில், பட்டியலாக்கப்படுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். தேக்கடிக்கும் மூணாறுக்கும் போகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் ஊர் எங்களுடையது. சுருளி அருவி, மேகமலை, திராட்சைத் தோட்டம் என்று எங்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. விடியுமுன்பே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் அந்தப் பட்டியலில் வருவதில்லை. சுற்றுலாப் பயணி விழிக்கும் நேரத்தில் அந்தப் பெண்கள் இடுக்கி மலையில் வேலையைத் தொடங்கியிருப்பார்கள். மலையகத் தமிழரின் லயங்களைக் கடந்து போகும் எல்ல ரயிலின் படத்தைப் பார்க்கும்போது எங்களுக்கு ஜீப்புகள் நினைவுக்கு வருவது இயற்கைதானே?

ஆனால் எங்கள் சண்டை இதைவிடப் பழைய ஒரு விஷயத்தைப் பற்றியது. அதற்குக் கூடலூருக்கு மேலே உள்ள மலைக்குப் போகவேண்டும்.

மதுரையை எரித்த கண்ணகி மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மர நிழலில் நின்று விண்ணுலகம் சென்றாள் என்கிறது சிலப்பதிகாரம். அந்த இடம் எங்கள் வண்ணாத்திப்பாறை மலைதான் என்பது இப்பகுதியின் நம்பிக்கை. 1963இல் கரந்தைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் காடேறி வந்து, சிதைந்து கிடந்த மங்கலதேவி கோயிலைக் கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். கோயில் தமிழக எல்லைக்குள் என்கிறோம் நாம். தன் எல்லைக்குள் என்கிறது கேரளம். சச்சரவின் விளைவாக ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும், கோயில் திறக்கிறது. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். குமுளியிலிருந்து ஜீப், பளியன்குடியிலிருந்து கால்நடை. இரு மாநிலக் காவலர்கள், வனத்துறையின் சோதனை, பொங்கல், வளையல், மஞ்சள் கயிறு. மறுநாள் செய்தித்தாளில் ஒரு படம். பிறகு முந்நூற்று அறுபத்து நான்கு நாட்கள் கண்ணகி எங்களுக்கு ஓர் எல்லைத் தகராறு மட்டுமே.

சென்னைக்கும் இதில் பெருமை பேச இடமில்லை. 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் நின்ற கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு 2006 ஜூனில் மீண்டும் வைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுந்த முழக்கங்களை நினைத்துப் பாருங்கள். முழங்கியவர்களில் எத்தனை பேர், கண்ணகி இன்றும் தெய்வமாக நடமாடும் நிலம் ஒன்று கடலுக்கு அப்பால் இருக்கிறது என்பதை அறிந்திருந்தார்கள்?

அந்த நிலம் இலங்கை. கண்ணகிக்குச் சேரன் எடுத்த விழாவில் இலங்கை அரசன் கயவாகு இருந்ததாகச் சிலப்பதிகாரமே சொல்கிறது. இந்த ஒற்றைக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு சங்க காலத்தையே கணிக்க முயன்ற வரலாற்றாசிரியர்கள் உண்டு. அதை மறுத்தவர்களும் உண்டு. அந்தச் சண்டை அவர்களோடு இருக்கட்டும். மறுக்கமுடியாதது, அவள் அங்கே இரண்டு மொழிகளில் வாழ்கிறாள் என்பது. தமிழில் கண்ணகி, சிங்களத்தில் பத்தினி தெய்யோ. சுற்றுலாக் கட்டுரைகள் யானைகளை மட்டும் காட்டும் கண்டிப் பெரஹராவில் தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வருகின்றன. நாதர், விஷ்ணு, கதிர்காமர் ஆகியோரைத் தொடர்ந்து கடைசியாக வருவது பத்தினியின் ஊர்வலம். நம் புகாரின் வணிகர் மகள்! இந்த வழிபாட்டைப் பற்றி மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1984இல் ஒரு பெரும் நூலே எழுதினார்.

கிழக்கே போனால் நெருக்கம் இன்னும் கூடுகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று ஊருக்கு ஊர் கண்ணகி அம்மன். அங்கும் பல கோயில்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கின்றன. ஆனால் கதவைத் திறப்பது காவல்துறையின் அனுமதியன்று, சடங்கின் முறை. வைகாசியில் ‘கதவு திறத்தல்’ நிகழ்ந்து, ‘கண்ணகி வழக்குரை’ பாடப்பட்டு, சினந்து வந்தவளைத் தணிக்கும் ‘குளிர்த்தி’யோடு நிறைவடைகிறது. அந்த வழக்குரையில் வரும் கண்ணகி பாண்டியனின் தோட்டத்து மாங்கனியில் பிறந்து, பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டவள். இளங்கோவை மட்டும் படித்த நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். கிட்டத்தட்ட இதே மாங்கனிக் கதையைச் சிங்களப் பாடல்களும் சொல்கின்றன என்பது அடுத்த அதிர்ச்சி. தமிழர் ‘கொம்புமுறி’ என்றும் சிங்களவர் ‘அங்கெளிய’ என்றும் அழைக்கும் விளையாட்டில், இரு கொம்புகளைக் கொளுவி ஒன்று முறியும்வரை இரு கட்சிகளாக இழுக்கிறார்கள். ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி.

அலைச்சறுக்கு ஆடுவோருக்கு எல்லாப் பட்டியலும் அறுகம்பையைப் பரிந்துரைக்கிறது. அதிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே பாணமை என்ற ஊர். சிங்களமும் தமிழும் குருதியிலேயே கலந்த ஊர். அங்கே பத்தினி கோயில் உண்டு, அங்கெளியவும் உண்டு. அலைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவனுக்கு இது தெரியாமல் போகலாம், குற்றமில்லை. சிலப்பதிகாரத்தின் பெயரால் மேடையேறும் தமிழனுக்கும் தெரியவில்லை என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

ஒரு நேர்மையும் வேண்டும். கண்ணகியை மறந்தவர்கள் நாம் மட்டுமல்லர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் இந்த வழிபாட்டைச் சமணத் தொடர்புடையதென்று கடுமையாக எதிர்த்தார். சைவச் சீர்திருத்த அலையில் வடக்கின் பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின. தமிழின் பெரும் உரைநடையாளர் ஒருவர் தமிழின் பெரும் காவிய நாயகியைக் கோயிலிலிருந்து இறக்க முயன்ற கதை இது. நாவலரின் நடையை இன்றும் வியக்கும் எங்களுக்கு இதை எழுதக் கை கூசுகிறது, ஆயினும் எழுதவேண்டும்.

இனி, போகவே கூடாது என்போரின் வாதம். 2010இல் கொழும்பில் நடந்த இந்தித் திரைவிருது விழாவைத் தமிழ்த் திரையுலகம் புறக்கணித்த நாட்களிலிருந்து இது நம்மிடையே இருக்கிறது. நாம் செலவிடும் பணம் யாருக்குப் போகிறது என்ற கேள்வி எளிதில் தள்ளக்கூடியதன்று. காங்கேசன்துறையில் இராணுவமே உல்லாச விடுதி நடத்திவந்திருக்கிறது. அந்த விடுதியில் தங்காதீர்கள் என்பது எங்கள் பதில். ஊர்க்காரர் வீட்டில் தங்குங்கள், ஊர்க்கடையில் உண்ணுங்கள், யாழ்ப்பாணத்தில் புத்தகக் கடைக்குப் போங்கள். முற்றாகக் கதவடைக்கும் அரசியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2012 செப்டம்பரில் பார்த்தோம். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த இலங்கை யாத்திரிகர்களின் பேருந்துகள் திருச்சி அருகே தாக்கப்பட்டன. உள்ளே இருந்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். இலங்கை என்பது கல்லெறிகிறவனுக்கு ஒரு சொல், அவ்வளவே. அங்கே போய் வந்தவன் கல்லை எடுக்குமுன் ஒரு முகத்தையாவது நினைத்திருப்பான்.

கடற்கரைக்கு வருவோம்; தீவுக்குப் போகிறவன் கடற்கரைக்குப் போகாமல் திரும்ப முடியாது. நாங்கள் சொல்வது முல்லைத்தீவுக் கடற்கரையை. நந்திக்கடல் நீரேரியின் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. மதுரையை எரித்தவள் ஈழத்தில் பத்தாவதாகத் தங்கிய இடம் என்பது ஐதீகம். ஒரு மூதாட்டியாக வந்து, மாடு மேய்த்த சிறுவர்களிடம் பொங்கித் தரச் சொன்னாளாம். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாளாம். பேன் பார்க்கத் தலையை விலக்கிய சிறுவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டார்களாம். இன்றும் ‘பாக்குத்தெண்டல்’ என்ற சடங்கோடு தொடங்கும் வைகாசிப் பொங்கலில், முல்லைத்தீவுக் கடலில் நீர் அள்ளிவந்து விளக்கேற்றுகிறார்கள்.

அதே நீரேரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் துண்டுதான் முள்ளிவாய்க்கால். 2004இல் ஆழிப்பேரலை இந்தக் கரையை அழித்தது. 2009 மே மாதத்தில், வைகாசி பிறந்த சில நாட்களில், போர் இங்கே முடிந்தது. இறுதிக்கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. பிழைத்தவர்கள் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தார்கள். அந்த நாட்களில் பசியாற்றிய கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்வதே ஒவ்வொரு மே மாதத்தின் நினைவேந்தல். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்தில் அந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகச் சிலர் கைது செய்யப்பட்டார்கள். கணவனின் கொலைக்கு நீதி கேட்டு அரசவைக்குப் போனவளின் கோயில் ஒரு கரையில். காணாமல் போனவர்களின் படங்களோடு ஆண்டுக்கணக்காகத் தெருவில் அமர்ந்திருந்த பெண்களின் மணல் மறுகரையில். ‘இலங்கையின் பண்பாடும் கடற்கரைகளும்’ என்று தலைப்பிடும் கட்டுரையாளரே, இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கேதான்; இதை எந்த எண்ணில் சேர்ப்பீர்கள்?

பயணம் முன்போல் கடினமில்லை. தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோனபின் தேய்ந்துபோன கடல்வழி, 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே புதிதாகத் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. மதுரையில் விமானமேறி கொழும்பு வழியாக வடக்கே போகிறவர்களும் உண்டு. வைகாசியில் போங்கள். எங்களில் இருவர் போய் வந்தார்கள். கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்றதும், ‘அம்மாளாச்சி ஏறின மலை எப்படி இருக்கும்?’ என்று கோயில் வாசலில் ஒரு முதியவள் கேட்டிருக்கிறாள். ஆண்டுக்கு ஒருநாள்தான் திறக்கும் என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லையாம்.

சித்ரா பௌர்ணமி முடிந்து சில வாரங்களில் வற்றாப்பளைப் பொங்கல் வந்துவிடும். இம்முறை எங்கள் மலையில் கிடைக்கும் வளையல்களைத் தனியே எடுத்துவைக்கத் தீர்மானித்திருக்கிறோம். கூட வருகிறவர்கள் எழுதுங்கள்.