தூங்குமூஞ்சி

நண்பனுக்குச் சாயங்காலமானால் இமை சரியும். ஓசூர் சிப்காட் நைட் ஷிஃப்டில் ‘தூங்குமூஞ்சி’ என்று பட்டம். சூட்டியவன்... ஹி... ஹி... அடியேன்தான்!

ஸ்கேனில் பார்த்தால், நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் சுரப்பியில் கட்டி. சின்ன வயசில் உழைத்துவிட்டு, அப்புறம் சுருங்கி வி.ஆர்.எஸ். வாங்கிக்கொள்கிற சுரப்பி அது. அங்கே கட்டி வந்தால் சிலருக்கு, நரம்பு போடும் உத்தரவைத் தசை மதிக்காது. இமை பாவம், என்ன செய்யும்?

ஆபரேஷனில் கட்டி முழுசாக வரவில்லை. மிச்சத்துக்கு ரேடியேஷன். 25 தடவை, வாரத்துக்கு 5 நாள். நல்ல செல்கள் தேறிக்கொள்ளத்தான் இந்தத் தவணை முறை. மெஷினில் சில நிமிஷம். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் கித்வாய் ஆஸ்பத்திரி போய்த் திரும்ப அரை நாள்!

மூன்றாவது வாரம் சோறு இறங்கவில்லை. “விட்டுடலாமாடா?” என்றான். நடுவில் விட்டால் பலன் குறையும். மறுநாள் பஸ்ஸில் நானும் ஏறினேன்.

வழியெல்லாம் தூங்கியது நான்தான்.