கப்பு வாங்கினியா?

சென்ற வாரம் எங்கள் விக்கிரமங்கலம் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் நாங்கள் நான்கு பேர், நால்வரும் பென்ஷன்காரர்கள். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் விளையாட்டுச் சட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கினான். ஜெயங்கொண்டத்தில் ஓட்டப் பந்தயம் முடிந்து வருகிறானாம்.

"என்னடா தம்பி, கப்பு வாங்கினியா?" என்றார் நண்பர்.

"இல்ல தாத்தா. அஞ்சாவதா வந்தேன்."

"அப்ப சும்மா போயிட்டு வந்தேன்னு சொல்லு."

எல்லோரும் சிரித்தோம். பையனும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய்விட்டான். அது சிரிப்பு இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒரு முகத்துக்கு நானே ஒரு முறை காரணமாக இருந்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்கு எதிரானது. "கப்பு வாங்கினியா?" என்பது அக்கறையான விசாரிப்பு என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை ஐயா. ஒரு வருஷ உழைப்பை ஒரே வார்த்தையில் தள்ளுபடி செய்யும் உத்தரவு அது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் கிறுக்கும் தெரியும். அமெரிக்க ஆண்கள் பனித்தளத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிகளை வருஷா வருஷம் பின்தொடர்கிறவன் நான். வேட்டி கட்டிய கிழவனுக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். அக்டோபரில் கிராண்ட் பிரீ போட்டிகள் ஆரம்பிக்கும். டிசம்பரில் அதன் இறுதி. ஜனவரியில் அவர்கள் தேசியப் போட்டி. மார்ச்சில் உலகப் போட்டி. ஒவ்வொன்றிலும் முதலில் குறுகிய ஆட்டம், பிறகு நீண்ட ஆட்டம். இத்தனையையும் ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைப்பேன். தேதி, ஊர், எத்தனையாவது இடம், எங்கே விழுந்தான், எழுந்து என்ன செய்தான். குமாஸ்தா புத்தி போகுமா?

இந்தக் கிறுக்கு பிடித்தது புதுச்சேரியில். என் அப்பா அங்கே வேலையில் இருந்ததால் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தேன். பாரிஸிலிருந்து பத்திரிகைகள் பழசாகித்தான் பள்ளிக்கு வந்து சேரும். 1968-இல் கிரெனோபிள் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. தீபம் ஏற்றியவர் அலேன் கல்மா. படிக்கட்டில் அவர் ஏறும்போது நெஞ்சில் மைக் பொருத்தி, இதயத் துடிப்பைக் கூட்டம் முழுவதும் கேட்கச் செய்தார்கள். யார் இந்தக் கல்மா? 1964 ஒலிம்பிக்கில் தங்கத்தைத் தவறவிட்டு வெள்ளியோடு திரும்பிய ஸ்கேட்டர். மறு வருஷம் உலகச் சாம்பியன். பிறகு அறுவை சிகிச்சை மருத்துவர். 1984-இல் பிரான்சின் விளையாட்டு அமைச்சர். ஒலிம்பிக் தங்கம் இல்லாத ஒருவரிடம் தீபத்தைக் கொடுத்தது அந்த நாடு. நம் ஊராக இருந்தால், "வெள்ளிதானே?" என்று கேட்டிருப்போம்.

அமெரிக்கர்கள் கதைக்கு வருகிறேன். 2018 பிப்ரவரி, தென் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக். நேதன் சென் என்ற 18 வயதுப் பையன்மேல் அமெரிக்காவே நம்பிக்கை வைத்திருந்தது. குறுகிய ஆட்டத்தில் விழுந்தான். மற்றத் தாவல்களிலும் தடுமாறினான். 17-ஆவது இடம். மறுநாள் நீண்ட ஆட்டத்தில் நான்கு சுற்றுத் தாவல் ஆறு போட்டான். காற்றில் ஏறி நான்கு முறை சுழன்று ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். ஒலிம்பிக்கில் அதுவரை யாரும் ஓர் ஆட்டத்தில் ஆறு போட்டதில்லை. அன்றைய ஆட்டத்தில் அவன்தான் முதல். மொத்தத்தில் 5-ஆவது இடம். பதக்கம் கிடையாது.

நம் பெஞ்சுக் கணக்குப்படி அவன் சும்மா போய் வந்தவன். ஆனால் சீசன் அதோடு முடியவில்லை. அடுத்த மாதமே மிலானில் உலகச் சாம்பியன் ஆனான். நான்கு வருஷம் கழித்து, 2022-இல், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம். நடுவில் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பிற்பாடு பட்டமும் வாங்கினான். "விளையாட்டுன்னு போனா படிப்பு கெட்டுடும்" என்கிறவர்கள் கல்மாவையும் இவனையும் சேர்த்து நினைத்துப் பார்க்கட்டும்.

"அமெரிக்காக்காரன் கதை கிடக்கட்டும், நம்ம ஆள் யாராவது இருக்கானா?" என்பீர்கள். இருக்கிறார். சென்னைப் பையன், பெயர் ஆனந்த்குமார் வேல்குமார். பனியில் இல்லை, சக்கரத்தில். ஆட்டமும் இல்லை, வேகப் பந்தயம். அவர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

என் நோட்டில் உள்ளபடி சொல்கிறேன். 2021-இல் கொலம்பியாவின் இபாகே நகரில் ஜூனியர் உலகப் போட்டி, 15 கிலோமீட்டர் எலிமினேஷன் பந்தயம். ஓட ஓடப் பின்தங்கியவர்களை வெளியேற்றிக்கொண்டே வருவார்கள். அதில் வெள்ளி. 2023 அக்டோபர் 2, சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு, 3000 மீட்டர் ரிலே. ஆர்யன்பால் சிங் குமன், சித்தாந்த் காம்ப்ளே, விக்ரம் இங்ளே ஆகியோரோடு சேர்ந்து 4 நிமிடம் 10.128 விநாடியில் வெண்கலம். அன்றே பெண்கள் ரிலேயிலும் வெண்கலம். அந்த அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரி ராஜ், சஞ்சனா பதுலா, ஹீரல் சாது.

அந்த ஆண்கள் ரிலேயில் ஒரு வேடிக்கையும் நடந்தது. முதலில் வந்துகொண்டிருந்த தென் கொரிய வீரர், கோட்டைத் தொடும் முன்பே ஜெயித்துவிட்டோம் என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பக்கத்தில் வந்த தைவான் வீரர் காலை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டார். வித்தியாசம் 0.01 விநாடி. தங்கம் தைவானுக்கு.

இப்போது 2025 சீசன். ஆகஸ்டில் செங்டு நகரில் உலக விளையாட்டுப் போட்டி. 1000 மீட்டரில் ஆனந்த்குமாருக்கு வெண்கலம். அந்தப் போட்டியில் ரோலர் விளையாட்டில் இந்தியா வாங்கிய முதல் பதக்கம் அது. செப்டம்பரில் பெய்தாய்ஹேயில் உலகச் சாம்பியன்ஷிப். 14-ஆம் தேதி 500 மீட்டரில் 43.072 விநாடி, வெண்கலம். மறுநாள் 1000 மீட்டரில் 1 நிமிடம் 24.924 விநாடி, தங்கம். ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் சீனியர் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர். அதோடு நிற்காமல் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். 1000 மீட்டர் வேகக்காரனும் மாரத்தான் பொறுமைக்காரனும் ஒரே உடம்பில் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்பது, சீசன் முழுக்கப் பார்த்தவனுக்குத்தான் புரியும்.

அன்று மாலை பெஞ்சில் இந்தச் செய்தியைச் சொன்னேன். வந்த முதல் கேள்வி: "இது ஒலிம்பிக்ல இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப விடுங்க சார்." பேச்சு நெல் விலைக்குப் போய்விட்டது. ஆக, கப்பு வாங்கினாலும் தப்பிக்க முடியாது. அது என்ன கப்பு என்று அடுத்த கேள்வி காத்திருக்கிறது.

இவருக்கு முன்பே ஐதராபாத்தின் அனூப் குமார் யாமா இருந்தார். சக்கரக் காலணியில் ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடுகிறவர். அமெரிக்கர்கள் பனியில் செய்வதை இவர் தரையில் செய்தார். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் தனியாக ஒரு வெண்கலம், அவனி பஞ்சாலோடு ஜோடியாக ஒரு வெண்கலம். அர்ஜுனா விருது 2015-இல்தான் வந்தது. அந்த ஐந்து வருஷமும் அவர் எங்கே ஆடினார் என்று நம்மில் எத்தனை பேர் தேடிப் பார்த்தோம்? நானே பார்க்கவில்லை. என் நோட்டில் அமெரிக்கர்கள் நிறைந்திருந்தார்கள்.

"இதெல்லாம் காசுள்ளவன் விளையாட்டு சார்" என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. பந்தய ஸ்கேட்டிங் காலணி என் ஒரு மாதப் பென்ஷனில் அடங்காது. வழவழப்பான தளமும் வேண்டும். ஊருக்கெல்லாம் சிமெண்ட் அனுப்புகிற அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறோம். ஆனாலும் எங்கள் ஊரில் பிள்ளைகள் விழாமல் ஓட இருநூறு மீட்டர் நல்ல தரை கிடையாது. ஆனால் கபடிக்கும் ஓட்டத்துக்கும் என்ன செலவு? அந்தப் பிள்ளைகளிடமும் இதே கேள்வியைத்தானே கேட்கிறோம்? வெறுங்காலோடு ஓடுகிறவனிடமும் கப்புதான் கேட்கிறோம். எனவே குறை காசில் மட்டும் இல்லை. பார்க்கிற கண்ணிலும் இருக்கிறது. பிள்ளை ஓடுவதைப் போய்ப் பார்த்தவனுக்குத்தான் தரை சரியில்லை என்பது தெரியும். தெரிந்தவன்தான் மனு எழுதுவான்.

நாம் பென்ஷன்காரர்கள். நமக்குப் பென்ஷன் எப்படிக் கணக்கிட்டார்கள்? கடைசியாக வாங்கிய சம்பளத்தை மட்டும் பார்த்தார்களா? தகுதியுள்ள பணிக்காலம் எத்தனை வருஷம் என்பதையும் பார்த்தார்கள். அதற்குத்தானே சேர்ந்த நாள் முதல் ஒவ்வொரு லீவையும், ஒவ்வொரு இன்க்ரிமென்ட்டையும் சர்வீஸ் ரிஜிஸ்டரில் பதிந்தார்கள்? ஒரு பதிவு விட்டுப்போனால் எத்தனை நடை நடந்திருப்போம்! நம் பணிக்காலத்தில் ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம். பிள்ளைகளுக்கு மட்டும் கடைசி நாள் கணக்கு.

இப்போது என் குற்றம். என் மகள் வயிற்றுப் பேரன் சென்னையில் ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டான். கோடை விடுமுறையில் இங்கே வந்தால், வெயில் ஏறும் முன் தெரு சிமெண்ட் ரோட்டில் ஓட்டுவான். 2018-இல் அவனுக்கு 11 வயது. ஒரு போட்டி முடிந்து போன் செய்தான். "தாத்தா, நான் செவன்த்!" குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் சொன்னேன்: "அடடா, மெடல் இல்லையா? சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

அந்த வருஷக் கடைசியில் ஸ்கேட்டிங்கை விட்டுவிட்டான். காலணி பரணுக்குப் போயிற்று. இப்போது கல்லூரியில் படிக்கிறான். ஏன் விட்டாய் என்று சமீபத்தில்தான் கேட்டேன். "யாரும் திட்டல தாத்தா. ஆனா மெடலைத் தவிர யாரும் வேற எதுவும் கேக்கல. அதுக்கு முந்தின போட்டியில நான் நைன்டீன்த். அடுத்ததுல செவன்த். உங்ககிட்ட அதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன்."

பத்தொன்பதிலிருந்து ஏழு. இரவு எழுந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2018 பிப்ரவரிப் பக்கத்தில் நேதன் சென் 17-ஆவது இடத்திலிருந்து எழுந்து வந்ததை அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. பேரன் பெயர் அந்த வருஷத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. முன்பின் தெரியாத அமெரிக்கப் பையனுக்குக் கொடுத்த மரியாதையை என் ரத்தத்துக்குக் கொடுக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். இந்தப் பாவத்தில் அரசாங்கத்துக்கும் பத்திரிகைக்கும் பங்கு இருக்கலாம். பெரிய பங்கு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான். பிள்ளைகள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி கேட்பவர்கள் நாம். அந்தக் கேள்வியை மாற்றுவதற்கு ஜி.ஓ. எதுவும் வர வேண்டியதில்லை. "போன தடவை எத்தனையாவது? இந்தத் தடவை எத்தனையாவது? எங்கே கஷ்டமாக இருந்தது? அடுத்த போட்டி எப்போது?" என்று கேளுங்கள். அடுத்த போட்டி பக்கத்தில் என்றால் குடையை எடுத்துக்கொண்டு போய் மைதான ஓரத்தில் நில்லுங்கள். பள்ளிப் பிரேயரில் கப்பு வாங்கியவன் பெயரோடு, போய் ஓடியவர்கள் பெயரையும் வாசிக்கும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இதற்கெல்லாம் பைசா செலவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையனை மறுபடி கடைத்தெருவில் பார்த்தேன். "தம்பி, அன்னைக்கு எந்த ஓட்டம் ஓடினே?" என்றேன். சந்தேகமாகப் பார்த்தான். "ஆயிரத்து ஐநூறு, தாத்தா." "போன வருஷம் எத்தனையாவது?" "போன வருஷம் முடிக்கவே இல்ல. மூணாவது ரவுண்டுல உக்காந்துட்டேன்."

முடிக்காதவன் ஐந்தாவதாக வந்திருக்கிறான். அவனை நாங்கள் நால்வரும் சும்மா போய் வந்தவன் என்று சிரித்திருக்கிறோம். அவன் நின்று பத்து நிமிஷம் பேசினான். மூச்சை எங்கே விட வேண்டும், கடைசி ரவுண்டில் எங்கே வேகம் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னான். என் டீ ஆறிவிட்டது.

நோட்டில் அவனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அடுத்த போட்டிக்கு யார் யார் என்னோடு வருகிறீர்கள்?