மார்க்குப் போடுகிறவருக்கு யார் மார்க்குப் போடுவது?

அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. அதற்குக் கட்டடம் இல்லை. சரக்கு இல்லை. வாடிக்கைக்காரர் ஒருவர்கூட இல்லை. ஆனால், "நம்பிக்கையான கம்பெனி" என்ற நற்சாட்சி மட்டும் கிடைத்துவிட்டது!

அந்தக் கம்பெனிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "ஹமாஸ்"! பயங்கரவாத இயக்கம் என்று அமெரிக்க சர்க்கார் பட்டியலில் சேர்த்திருக்கிறதே, அதே பெயர்தான். அந்தப் பெயருக்கு "ஏ மைனஸ்" என்ற உயர்ந்த மார்க்கு வழங்கப்பட்டது. ஆன செலவு 425 டாலர்.

இது நடந்தது 2010-ம் ஆண்டில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். மார்க்குக் கொடுத்தது "பெட்டர் பிசினஸ் பியூரோ" என்ற சங்கம். யாரோ வேடிக்கைக்காகச் செய்த வேலை அல்ல இது. மனம் நொந்துபோன உள்ளூர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து அந்தச் சங்கத்துக்கு வைத்த பரீட்சை. பரீட்சையில் சங்கம் தோற்றது.

நூறு வருஷப் பெயர்

இந்தச் சங்கம் நேற்று முளைத்தது அல்ல. பொய் விளம்பரங்களை ஒழிக்க வேண்டும் என்று கிளம்பிய இயக்கத்தில், 1912-ம் ஆண்டில் பிறந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்குக் கிளைகள் உண்டு. கூரை ஒழுகுகிறது, பழுது பார்க்க ஆள் வேண்டும் என்றாலும், பழைய கார் ஒன்று வாங்க வேண்டும் என்றாலும், "சங்கம் என்ன சொல்கிறது?" என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கும் குடும்பங்கள் ஏராளம்.

இது சர்க்கார் இலாகா அல்ல. வியாபாரிகள் கட்டும் சந்தாவில் நடக்கும் தனியார் சங்கம். எந்த வியாபாரி யோக்கியர் என்று சொல்வதும் அதன் வேலை. அந்த வியாபாரிகளிடமே சந்தா வாங்குவதும் அதன் வேலை. வம்பு பிறந்த இடம் இதுதான்.

முன்பெல்லாம் "திருப்தி", "திருப்தி இல்லை" என்று இரண்டே வகைதான். 2009-ம் ஆண்டில் புதிய முறை வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல, ஏ பிளஸ் முதல் எஃப் வரை மார்க்கு! எத்தனை புகார் வந்தது, வியாபாரி அதற்கு என்ன பதில் சொன்னார் என்றெல்லாம் பார்த்துப் போடும் மார்க்கு அது. அதுவரை சரி. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சங்கத்தில் சந்தா கட்டிய அங்கத்தினர் என்றால், அதற்காகவும் தனி மார்க்கு!

கோமாளிக் கம்பெனியின் கதை

விருந்து வீடுகளுக்குக் கோமாளி வேஷக்காரர்களை அனுப்பும் சிறு கம்பெனி ஒன்றை நடத்தி வந்தார் ஒரு பெண்மணி. அவருக்குக் கிடைத்தது "சி மைனஸ்". காரணம், இரண்டு வருஷத்துக்கு முன்பு வந்த ஒரு புகார். "அதைத் தீர்த்து வைத்து எத்தனையோ நாள் ஆகிவிட்டதே!" என்றார் அவர். பலிக்கவில்லை. 395 டாலர் கட்டினார். மறுநாளே "சி மைனஸ்" போய் "ஏ பிளஸ்" வந்துவிட்டது! ஒரே இரவில் கம்பெனி என்ன திருந்திவிட்டது? ஒன்றும் இல்லை. பணம் கைமாறியது, அவ்வளவுதான்.

உல்ப்கேங் பக் உலகம் அறிந்த சமையற்கலைஞர். அவருடைய ஓட்டல்கள் சிலவற்றுக்குக் கிடைத்தது "எஃப்"! சந்தா கட்ட மறுத்ததுதான் காரணம் என்றார் அவர். அவருக்குப் பரவாயில்லை. எஃப் வந்தாலும் அவர் ஓட்டலில் கூட்டம் குறையாது. கோமாளிக் கம்பெனிக்கு அப்படியா? பெயருக்குப் பக்கத்தில் "சி மைனஸ்" என்று கண்டால், வாடிக்கைக்காரர் சண்டைக்கு வரமாட்டார், விளக்கமும் கேட்கமாட்டார். பேசாமல் அடுத்த கம்பெனிக்கு டெலிபோன் செய்துவிடுவார். யாரை இழந்தோம் என்பதுகூடச் சின்ன வியாபாரிக்குத் தெரியாது. வாடகை கொடுக்கிற நாள் வரும்போதுதான் தெரியும்.

வெளுத்தது சாயம்

2010 நவம்பரில் ஏபிசி டெலிவிஷன் இதையெல்லாம் நாடறிய வெளியிட்டது. "சந்தா கட்டாதவர்களுக்கும் ஏ கிடைக்கிறதே!" என்று சங்கத்தார் வாதாடிப் பார்த்தார்கள். ஆனால் இல்லாத "ஹமாஸ்" கம்பெனிக்கு என்ன சமாதானம் சொல்வது? தவறு நேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கனெக்டிகட் ராஜ்யத்தின் அட்டார்னி ஜெனரலாக அப்போது இருந்த ரிச்சர்டு புளூமென்தால், காசுக்கு மார்க்கு என்ற முறையை நிறுத்தும்படி சங்கத்துக்கு எழுதினார். அந்த மாதமே, அங்கத்தினருக்குத் தனி மார்க்கு என்பதைச் சங்கம் கைவிட்டது. 2013-ம் ஆண்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரக் கிளையைத் தலைமைச் சங்கமே விலக்கி வைத்தது. எல்லாக் கிளைகளிலும் பெரிய கிளை அது!

பெரிய வக்கீல் வைத்து அல்ல, ஊர்வலம் போய் அல்ல, 425 டாலரும் ஒரு பொய்ப் பெயரும் வைத்துச் சின்ன வியாபாரிகள் கண்ட வெற்றி இது.

கோர்ட்டு சொன்னது

எல்லோருக்கும் இந்த வெற்றி கிட்டவில்லை. இன்டர்நெட்டில் கடைகளுக்கு நட்சத்திரம் போடும் "எல்ப்" கம்பெனி, சான் பிரான்சிஸ்கோவில் 2004-ம் ஆண்டில் ஏற்பட்டது. "விளம்பரம் கொடுக்க மறுத்தால் எங்களைப் பற்றிய நல்ல அபிப்பிராயங்கள் மறைந்துவிடுகின்றன" என்று சில வியாபாரிகள் 2010-ல் வழக்குப் போட்டார்கள். எல்ப் அதை மறுத்தது. 2014-ல் அப்பீல் கோர்ட்டு வழக்கைத் தள்ளிவிட்டது. நல்ல அபிப்பிராயத்தை வெளியிட்டே ஆகவேண்டும் என்று கேட்க வியாபாரிக்கு உரிமை இல்லையாம். வியாபாரிகள் சொல்வது நிஜமே ஆனாலும், அது கெடுபிடியான பேரமே தவிர, மிரட்டிப் பணம் பறித்தல் ஆகாதாம்.

அதே வருஷம், கலிபோர்னியாவின் ரிச்மண்டு ஊரில் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடைக்காரர் வேறு வழி கண்டார். "எங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போடுங்கள், பீட்சா விலையில் 25 சதவீதம் தள்ளுபடி!" என்று அறிவித்தார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வந்து திட்டி எழுதினார்கள். நட்சத்திரங்களுக்கு இருந்த பயம் அந்தக் கடையை விட்டு ஓடிவிட்டது.

ஆனால், எல்லா வியாபாரிகளும் இப்படித் தைரியமாக விளையாட முடியுமா? தப்பித்துக்கொள்ளச் சாமர்த்தியம் வேண்டும் என்றால், அது நியாயம் ஆகாது.

தராசுக்கு முத்திரை

கடையில் இருக்கும் தராசையும் படிக்கல்லையும் இன்ஸ்பெக்டர் சோதித்து முத்திரை போடுகிறார். எடை போடும் கடைக்காரருக்கு உள்ள இந்தக் கட்டுப்பாடு, கடைக்காரரையே எடை போடுகிறவர்களுக்கு வேண்டாமா?

அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் கொண்டு வந்த விதி ஒன்று 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. பொய் அபிப்பிராயங்களை விற்பதற்கும் வாங்குவதற்கும் அது தடை விதிக்கிறது. நல்ல காரியம். ஆனால், மார்க்கு வாங்குகிறவரிடமே காசும் வாங்கலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மார்க்குப் போடும் ஸ்தாபனமே கூடாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மோசடிக்காரர்களும் கடை விரித்திருக்கும் உலகம் இது. வாங்குகிறவருக்கு வழிகாட்டி வேண்டும். ஸ்தாபனம் நடத்தப் பணமும் வேண்டும். ஆனால் பணம் வாங்கும் கையும் மார்க்குப் போடும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. யாரிடம் எவ்வளவு வாங்கியது என்பதை மார்க்குக்குப் பக்கத்திலேயே போடவேண்டும். தீர்ந்துபோன புகார் தீர்ந்ததாகவே காட்டப்பட வேண்டும். "மார்க்குத் தவறு" என்று வியாபாரி முறையிட்டால், விசாரிக்க வேண்டியவர் மார்க்குப் போட்டவராக இருக்கக் கூடாது.

இது வியாபாரிகளுக்கு மட்டும் உள்ள வழக்கு அல்ல. காசுக்கு விற்ற "ஏ பிளஸ்" ஒன்றை நம்பிப் பணத்தைக் கொடுத்து ஏமாறுகிறவர், கடைசியில், வாங்க வந்த சாதாரண மனிதர்தான்.