ரோமாபுரியின் குடியரசைக் கொன்றது யார்?

ரோமாபுரி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறவன் ஜூலியஸ் சீஸர். கி.மு. 44-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி, செனட் சபை கூடிய இடத்திலேயே அவனை 23 இடங்களில் குத்திக் கொன்றார்கள்.

சீஸரின் பதவி ஆசையால்தான் ரோமின் குடியரசு அழிந்தது என்பது ஒரு கட்சி. இல்லை, அவனைக் குத்திய புரூட்டஸ் கூட்டத்தால்தான் அழிந்தது என்பது இன்னொரு கட்சி. இந்த வழக்கு 2 ஆயிரம் ஆண்டுகளாக நடக்கிறது.

இரண்டு கட்சியும் தப்பான ஆளைக் கூண்டில் ஏற்றியிருக்கின்றன. சீஸர் பிறப்பதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் குடியரசுக்குச் சாவுமணி அடித்தாகிவிட்டது. அடித்தவர்கள் தெருவில் திரியும் காலிகள் அல்ல. செனட் சபையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள்!

ஊர் திரும்பாத உழவன்

அந்த நாளில் ரோமாபுரிப் பட்டாளத்தில் சேர வேண்டுமானால் கொஞ்சமாவது சொத்து வேண்டும். ஆகவே, படைவீரர்களில் பெரும்பாலோர் உழவர்கள். ஸ்பெயினுக்குப் போ என்றால் போனார்கள். ஆப்பிரிக்காவுக்குப் போ என்றால் போனார்கள். வருஷக்கணக்கில் ஊர் திரும்பவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தது. வீட்டில் இருந்தவர்கள் கடன்பட்டார்கள். கடைசியில் நிலம் பக்கத்துப் பணக்காரன் கைக்குப் போயிற்று.

தோற்ற ஊர்களிடமிருந்து பிடுங்கிய நிலமும் இத்தாலியில் ஏராளமாக இருந்தது. அது அரசாங்கச் சொத்து. ஒரு ஆள் 500 யூகெராவுக்கு மேல் அதை அனுபவிக்கக் கூடாது என்று பழைய சட்டம் சொன்னது. நம் கணக்கில் ஏறக்குறைய 310 ஏக்கர். அந்தச் சட்டத்தை யார் மதித்தார்கள்? பெரிய மனிதர்கள் வளைத்த வரையில் வளைத்துக்கொண்டு, அடிமைகளை வைத்துச் சாகுபடி செய்தார்கள்.

தாயின் கனவு

கார்னீலியா அம்மையார் பெரிய இடத்துப் பெண். ஹானிபாலை வென்ற ஸிப்பியோவின் மகள். அவருக்கு 12 பிள்ளைகள் பிறந்து, 3 பேர்தான் தங்கினார்கள். கணவர் இறந்த பிறகு எகிப்து மன்னனே பெண் கேட்டானாம். அம்மையார் மறுத்துவிட்டார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

ஒரு சீமாட்டி தன் நகைகளைக் காட்டிப் பெருமை அடித்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளைக் காட்டி, என் நகைகள் இவர்கள்தான் என்று கார்னீலியா சொன்னதாக ஒரு கதை உண்டு. அதைக் கேட்டுப் பூரிக்காத தாய் கிடையாது. அவ்வளவாக யாரும் சொல்லாத இன்னொரு கதையும் உண்டு. அம்மையாரின் மருமகனும் ஸிப்பியோ என்ற பெயர் கொண்ட பெரிய சேனாபதி. ஊரார் இன்னும் தன்னை ஸிப்பியோவின் மாமியார் என்றுதானே அழைக்கிறார்கள், கிராக்கஸ் பிள்ளைகளின் தாய் என்று எப்போது அழைப்பார்கள் என்று மகன்களைக் குத்திக் காட்டினாராம். ஆசை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது அல்ல போலும்!

கி.மு. 133-ல் மூத்த மகன் டைபீரியஸ் கிராக்கஸ் 'திரிபூன்' ஆனான். திரிபூன் என்றால் பாமர மக்களின் பிரதிநிதி. மொத்தம் 10 பேர். பதவி ஓராண்டு. அவர்கள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரே ஒரு திரிபூன் 'கூடாது' என்று சொன்னாலும் சட்டம் நின்றுவிடும்.

உச்சவரம்புக்கு மேல் உள்ள நிலத்தை எடுத்து ஏழைகளுக்குப் பங்கிட வேண்டும் என்று டைபீரியஸ் சட்டம் கொண்டுவந்தான். ஆக்டேவியஸ் என்ற திரிபூன் 'கூடாது' என்றான்.

டைபீரியஸ் கெஞ்சிப் பார்த்தான். பலிக்கவில்லை. ஆக்டேவியஸையே பதவி நீக்க ஜனங்களிடம் ஓட்டுக்கு விட்டான். மொத்தம் 35 வகுப்பு ஓட்டு. 17 வகுப்புகள் நீக்கு என்றன. இன்னும் ஒன்று விழுந்தால் தீர்ந்தது. அந்த நேரத்தில் ஓட்டெடுப்பை நிறுத்திவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஆக்டேவியஸிடம் மறுபடி கெஞ்சினான். ஆக்டேவியஸ் பணக்காரர்கள் பக்கம் பார்த்தான், அசையவில்லை. 18-வது ஓட்டும் விழுந்தது.

இங்கே டைபீரியஸ் செய்தது தவறுதான். எத்தனை நல்ல காரியமானாலும், ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒருவனை நடுவில் இறக்குவது அதுவரை இல்லாத வழக்கம். அந்தத் தவறுக்குத் தண்டனை கொடுக்க வழி இல்லாமல் இல்லை. பதவிக்காலம் முடிந்ததும் வழக்குப் போடலாம். மறு தேர்தலில் தோற்கடிக்கலாம். பெரிய மனிதர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

தலையைத் தொட்டான்

டைபீரியஸ் மறுபடியும் தேர்தலுக்கு நின்றான். ராஜாவாகப் பார்க்கிறான் என்று எதிரிகள் கிளப்பிவிட்டார்கள். ராஜாக்களை என்றோ விரட்டிவிட்ட ஊர் அது. ராஜா என்ற சொல்லே அங்கே விஷம்.

தேர்தல் நாளில் ஒரே கூச்சல். தன் உயிருக்கு ஆபத்து என்பதைத் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல டைபீரியஸ் கையால் தலையைத் தொட்டுக் காட்டினான். கிரீடம் கேட்கிறான் என்று செனட் சபைக்குச் செய்தி ஓடிற்று!

நாஸிக்கா துள்ளி எழுந்தான். அவன் நாட்டின் தலைமைப் பூசாரி. ஏராளமான அரசாங்க நிலம் வைத்திருந்தவன். டைபீரியஸுக்கு அவன் யார் தெரியுமா? சொந்தப் பெரியம்மா மகன்! விசாரணை இல்லாமல் ஒரு பிரஜையைக் கொல்ல மாட்டேன் என்று கான்சல் ஸ்கேவோலா மறுத்தான். நாட்டைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் என் பின்னால் வாருங்கள் என்று நாஸிக்கா கிளம்பினான்.

சட்டம் செய்கிறவர்கள் உடைந்த பெஞ்சுக் கால்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். டைபீரியஸ் கால் தடுக்கி விழுந்தான். முதல் அடி கொடுத்தவன் இன்னொரு திரிபூன்! 300 பேருக்கு மேல் செத்தார்கள். ஒருவர் உடம்பிலும் வாள் பட்டதில்லை. எல்லாம் கட்டையும் கல்லும்தான். அண்ணன் பிணத்தைக் கொடுங்கள், அடக்கம் செய்கிறோம் என்று தம்பி கேயஸ் கேட்டான். கொடுக்கவில்லை. இரவோடு இரவாக டைபர் ஆற்றில் எறிந்தார்கள்.

எடைக்கு எடை பொன்

பத்து வருஷம் கழித்து, கி.மு. 123-ல், கேயஸ் திரிபூன் ஆனான். அண்ணனைவிட நல்ல பேச்சாளன். ஏழைகளுக்கு மலிவு விலையில் தானியம், சாலைகள், சிப்பாய்களுக்கு அரசாங்கச் செலவில் உடை என்று அடுத்தடுத்துச் செய்தான்.

செனட் இந்தத் தடவை முதலில் தந்திரத்தைக் கையாண்டது. கேயஸ் 2 புதுக் குடியேற்றம் என்றால், திரூசஸ் என்பவனை விட்டு 12 என்று சொல்ல வைத்தது. கொடுப்பதற்காகச் சொன்ன கணக்கு அல்ல. கேயஸின் ஓட்டை உடைப்பதற்காகச் சொன்ன கணக்கு. அது பலித்தது. மூன்றாம் தேர்தலில் கேயஸ் தோற்றான்.

அதோடு விட்டார்களா? கி.மு. 121-ல் கான்சல் ஒபிமியஸ் படையோடு வந்தான். கேயஸின் தலைக்கு எடைக்கு எடை பொன் என்று பறை சாற்றினான். தலையைக் கொண்டுவந்தவன் மூளையை எடுத்துவிட்டு ஈயத்தை ஊற்றினான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று மாண்டவர்கள் சுமார் 3 ஆயிரம் பேர். பிறகு ஒபிமியஸ் ஒரு கோவில் கட்டினான். எந்தத் தெய்வத்துக்கு? ஒற்றுமைத் தேவிக்கு!

பெரிய மனிதர்கள் ஜெயித்தார்கள். ஆனால் எதிரியை ஓட்டால் அல்ல, கட்டையால் தீர்க்கலாம் என்று ஊருக்கே கற்றுக் கொடுத்துவிட்டார்கள். கட்டை பிறகு வாள் ஆயிற்று. கி.மு. 88-ல் ஸுல்லா சொந்தப் படையோடு ரோமுக்குள் நுழைந்தான். கொல்ல வேண்டியவர்களின் பெயரை எழுதிப் பொது இடத்தில் மாட்டினான். கி.மு. 49-ல் சீஸர் படையோடு ரூபிகான் ஆற்றைத் தாண்டியது இதைப் பார்த்து வளர்ந்த பிறகுதான்.

நாவன்மை மிக்க சிசரோ, கி.மு. 63-ல் செனட்டில் பேசும்போது, நாஸிக்காவையும் ஒபிமியஸையும் நல்ல உதாரணமாக எடுத்துக் காட்டினான். அந்த ஆண்டு சதிகாரர்கள் 5 பேரை விசாரணை இல்லாமல் கொல்ல வைத்தான். கி.மு. 43-ல் கொல்ல வேண்டியவர்களின் பட்டியல் மறுபடி எழுதப்பட்டது. இந்தத் தடவை அதில் சிசரோ பெயர். அவன் பேசிய மேடையிலேயே அவன் தலையை மாட்டினார்கள்.

கார்னீலியா அம்மையார் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தபின் மிசேனம் என்ற கடற்கரையில் வாழ்ந்தார். விருந்தாளிகள் வந்தபடி இருப்பார்களாம். மகன்களின் கதையைக் கண்ணீர் விடாமல், என்றோ நடந்த சரித்திரம் போலச் சொல்வாராம். முதுமையில் புத்தி மழுங்கிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள்.

பின்னாளில் ரோமில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சிலை போய்விட்டது. அதன் பீடம் 1878-ல் கிடைத்தது. ஸிப்பியோவின் மாமியார் என்று அதில் இல்லை. கிராக்கஸ் சகோதரர்களின் தாய் என்றுதான் செதுக்கியிருக்கிறது.