மாப்பிள்ளை இன்னும் எத்தனை நாள் விருந்தாளி?

தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு மோதிரம் உண்டு, பட்டு வேட்டி உண்டு, இலை கொள்ளாத பலகாரம் உண்டு. "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வடை கொண்டா" என்று அடுப்படிக்குக் குரல் போய்க்கொண்டே இருக்கும். உட்கார்ந்த இடத்தைவிட்டு அவர் எழ வேண்டியதில்லை. பண்டிகை முடிந்து புகுந்த வீட்டுக்குத் திரும்பும் அவருடைய மனைவி, மறுநாள் விடிந்ததும் போய் நிற்கும் இடம் அந்த வீட்டு அடுப்படி. யாரும் அதை உத்தரவாகச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

துணையின் குடும்பத்தோடு ஒத்துப்போவது பற்றிப் பேச்செடுத்தால், தமிழ்நாட்டில் அது மாமியார் மருமகள் சண்டையில்தான் போய் முடிகிறது. தொலைக்காட்சித் தொடர்களுக்கும் பட்டிமன்றங்களுக்கும் அது வற்றாத சரக்கு. மாப்பிள்ளை தன் மாமனார், மாமியாரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை யாரும் விசாரிப்பதில்லை. இனி விசாரித்தே ஆக வேண்டும்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8. ஒரே மகளோடு நிறுத்திக்கொண்ட வீடுகளும், இரண்டும் பெண்ணாகிப்போன வீடுகளும் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. இன்னொரு பக்கம், 2021 மதிப்பீட்டில் மாநில மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தொட்டவர்கள். கேரளத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே முதியோர் விகிதம் அதிகம் இங்கேதான். கடைசிக் காலத்தில் மகன் பார்த்துக்கொள்வான் என்ற ஏற்பாடு, மகனே இல்லாத வீட்டில் எப்படி நடக்கும்?

சட்டம் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. மணமான மகளுக்கும் பெற்றோரைக் காக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது. மத்திய அரசு அதைச் செய்ய 2005 ஆனது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் மகனையும் மகளையும் பிரித்துப் பார்க்கவில்லை.

வீட்டு வழக்கம்தான் பிரித்துப் பார்க்கிறது. பெற்றோரைப் பிரிந்து வரும்படி கணவனைத் தக்க காரணமின்றி வற்புறுத்துவது கொடுமை என்று 2016இல் ஒரு விவாகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வளர்த்து ஆளாக்கியவர்களைக் காப்பது மகனின் கடமை என்பது அதில் சொல்லப்பட்ட நியாயம். அந்தக் கடமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மகளையும் பெற்றோர்தான் வளர்த்து, படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பினார்கள். கல்யாணமான மறுநாளே அவர்களைப் பிரிந்து வரும்படி அவளிடம் கேட்பதற்கு மட்டும் யாரும் காரணம் தேடுவதில்லை.

"என் பையன் என்னைப் பார்த்துக்கிறான்" என்று மாமியார் பெருமையாகச் சொல்லும்போது, சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும், கஞ்சி வைப்பதும், படுத்த படுக்கையானால் உடம்பு துடைத்துவிடுவதும் பெரும்பாலும் மருமகள்தான். 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், நாட்டில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிட்டது 299 நிமிடம். ஆண்களில் அந்த வேலை செய்பவர்கள் செலவிட்டது 97 நிமிடம். இதற்கு நடுவில், திருநெல்வேலியில் அப்பா கீழே விழுந்துவிட்டார் என்று போன் வந்தால், சென்னையில் இருக்கும் மகள் முதலில் பார்ப்பது ரயில் டிக்கெட்டை அல்ல, வீட்டிலிருப்பவர்களின் முகத்தை. அவள் கேட்காமலே "நீ கிளம்பு, சமையலையும் பிள்ளைகளையும் நான் பார்த்துக்கறேன்" என்று கணவன் சொல்லும் வீட்டில் பாதிப் பிணக்குக்கு இடமே இல்லை. கூடவே கிளம்பி வந்து ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுத்து எழும் மாப்பிள்ளை, அந்தக் குடும்பத்துக்கு அன்றிலிருந்து பிள்ளை.

அப்படிச் செய்பவருக்குக் கிடைக்கும் பேச்சும் சாதாரணமானதல்ல. "பொண்டாட்டி வீட்டுக்கே போயிட்டான்" என்பார்கள். 'வீட்டோட மாப்பிள்ளை' என்பது ஊரில் இன்னும் வசைதான். மாமனாரைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப்போன மனிதரை இப்படிப் பேசுவது அநியாயம். அந்தப் பேச்சை முதலில் நிறுத்தக்கூடியவர் அவருடைய அம்மா. தன் தாய் படுத்திருந்தபோது இரண்டு நாள் விருந்தாளியாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய வருத்தம், இன்றைய மாமியார்கள் பலருக்கும் உள்ளே இருக்கிறது.

கல்யாணம் பேசும்போது பவுன், மண்டபம், சாப்பாடு என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பெண்ணின் பெற்றோருக்கு முடியாமல் போனால் யார் எங்கே இருப்பது, அவள் சம்பளத்தில் மாதம் எவ்வளவு அவர்களுக்குப் போகும் என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும். பெண்ணின் அப்பா இதைத் தானாகக் கேட்கமாட்டார். சம்பந்தம் தட்டிப்போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. பேச்சை எடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை.