உதவி கேட்டு வருபவருக்கு அபராதம் இல்லை

சிங்கப்பூரில் மின்சிகரெட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரி முதல் குற்றம். 2025 தேசிய தினப் பேரணி உரையில், இதை இனிப் போதைப்பொருள் பிரச்சினையாகக் கையாளப்போவதாகப் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். மருத்துவமனைகளில் மயக்க மருந்தாகப் பயன்படும் எட்டோமிடேட், செப்டம்பர் 1 முதல் ‘சி’ பிரிவு போதைப்பொருளானது. 18 வயதுக்குட்பட்டோர் மின்சிகரெட்டுடன் முதன்முறை பிடிபட்டால் விதிக்கப்படும் அபராதம் 500 வெள்ளியாக உயர்ந்தது.

இந்தத் தொகையை மாணவர்கள் அறிந்திருக்கிறார்கள். அதே நடவடிக்கைகளில் அடங்கிய இன்னொரு விதியைப் பலர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை: புகைப்பதைக் கைவிடத் தாமாக முன்வந்து உதவி கேட்பவருக்கு அபராதம் இல்லை, குற்றப்பதிவும் இல்லை.

நான் துணைப்பாட வகுப்பு ஒன்றில் தொண்டூழியராக இருக்கிறேன். அண்மையில் உயர்நிலை மூன்று மாணவர் ஒருவர், “அக்கா, உதவி கேட்டா பேர எழுதிக்குவாங்களா?” என்றார். நண்பனுக்காகக் கேட்பதாகவும் சொன்னார். விதியை விளக்கினேன். அடுத்து அவர் கேட்டது சட்டத்தைப் பற்றியதல்ல. “வீட்டுல தெரிஞ்சா?”

சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சட்டம் கதவைத் திறந்து வைத்தாலும், வீட்டுக்குப் பயந்து பிள்ளைகள் அதன் பக்கமே போவதில்லை.

நிக்கோட்டினைக் கைவிட மனவுறுதி மட்டும் போதாது. வளரும் மூளை அதற்கு எளிதில் அடிமையாகிறது. நிறுத்தியதும் எரிச்சல், தூக்கக் குறைவு, பாடத்தில் கவனமின்மை ஆகியவை வரும். முதல் சில நாள்கள்தாம் மிகக் கடினம்; பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். அந்த நாள்களில் சிடுசிடுக்கும் பிள்ளையைப் பார்த்து, ‘திமிர் கூடிவிட்டது’ என்று வீட்டார் திட்டினால், விட்ட பழக்கம் திரும்பிவர அதுவே காரணமாகலாம்.

ஒவ்வொரு முறை எழும் வேட்கையும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். தண்ணீர் குடிக்கலாம், புளோக்கைச் சுற்றி நடந்துவரலாம். உடன் நடக்க அண்ணனோ அக்காவோ இருந்தால் இன்னும் எளிது.

பெற்றோரே, பிள்ளை சொல்ல வந்தால், யார் கொடுத்தது என்ற விசாரணையைத் தள்ளிவையுங்கள். பள்ளி ஆலோசகரைச் சந்திக்க உடன் செல்லுங்கள். மாணவர்களே, வீட்டில் சொல்லத் தயக்கமாக இருந்தால் அந்த ஆலோசகரிடமிருந்தே தொடங்கலாம். ‘குவிட்வேப்’ திட்டமும் இருக்கிறது. பிடிபடும்வரை காத்திருக்க வேண்டாம்.